ப்ளஸ் டூ முடிச்சா காலேஜ்தானா? திருவனந்தபுரத்தில் இருக்கும் மற்ற வழிகள்: ஒரு முழு விளக்கம்

நீங்க கழக்கூட்டத்தில் ரூம் எடுத்து டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவரா? சொந்த ஊர் நாகர்கோவில், மார்த்தாண்டம், தென்காசி பக்கமா? அப்படியென்றால் மே, ஜூன் மாதங்களில் இந்த போன் உங்களுக்கு வந்திருக்கும். "அண்ணே, எனக்கு காலேஜ் போக இஷ்டமில்லை. வேற என்ன பண்ணலாம்?" கேட்பது தம்பியாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், சித்தி மகனாக இருக்கலாம். பின்னாலேயே அம்மா போனை வாங்கி, "நீயாவது அவனுக்குப் புத்தி சொல்லு" என்பார்.

வீட்டில் முதலில் வேலைக்குப் போனவர் நீங்கள் என்றால், உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைதான் அந்தப் பிள்ளையின் அடுத்த நான்கு வருடம். "ஒழுங்கா ஒரு டிகிரி முடி" என்பது சுலபமான பதில். "காலேஜெல்லாம் வேஸ்ட், ஸ்கில் இருந்தா போதும்" என்பதும் அதே அளவு சுலபமான பதில்தான். இரண்டுமே பாதி உண்மை. காலேஜுக்கு வெளியே என்னென்ன வழிகள் நிஜமாகவே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கைக்கு என்ன வரும், எந்தக் கதவு மூடும் என்பதை இங்கே பார்க்கலாம்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் வருகிறது?

நம் ஊர்ப் பக்கம் காலேஜ் என்பது ஏறக்குறைய கட்டாயப் பாடம் மாதிரி ஆகிவிட்டது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்வி ஆய்வுப்படி, கல்லூரி வயதில் உள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் இந்திய அளவில் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். கேரளத்தில் 41.3. எல்லோரும் போகும் இடத்துக்குப் போகாமல் இருப்பதற்கு ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம், டிகிரி முடித்தவர்களுக்குத்தான் வேலை கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022-ல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம் என்றது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்தான்.

இதை வைத்து "படிக்காமல் இருந்தால் வேலை உறுதி" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீங்க. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வேலைக்காகக் காத்திருக்க முடியாது. கிடைத்த கூலி வேலைக்குப் போய்விடுகிறது, அதனால் 'வேலையில்லாதவர்' கணக்கில் வருவதில்லை. இந்தப் புள்ளிவிவரம் நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: டிகிரி என்பது வேலைக்கான உத்தரவாதம் இல்லை.

கேரளத்து இளைஞர்கள் இதற்குக் கண்டுபிடித்த பதில், வெளிநாடு. 2023 கேரள இடம்பெயர்வு ஆய்வின்படி, படிப்பதற்காக நாட்டை விட்டுப் போனவர்கள் சுமார் 2.5 லட்சம் பேர். 2018-ல் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குப் பின்னால் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் வங்கியில் இருக்கின்றன என்பதை உங்கள் ஆபீஸ் நண்பர்களிடம் கேட்டாலே தெரியும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"காலேஜ் வேண்டாம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம்.

ஒன்று, "காசு இல்லை" அல்லது "வீட்டுக்கு உடனே சம்பாத்தியம் வேணும்." இரண்டு, "உட்கார்ந்து புத்தகம் படிக்க எனக்கு வராது, கையால் செய்யும் வேலை பிடிக்கும்." மூன்று, "படிக்கப் பிடிக்கும், ஆனால் இந்த காலேஜ், இந்த கோர்ஸ், இந்த நாலு வருஷம் பிடிக்கலை."

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாமவருக்கு ஸ்டைபண்ட் தரும் பயிற்சியோ, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டிகிரியோ சரிப்படும். இரண்டாமவருக்கு ஐடிஐ, பாலிடெக்னிக். மூன்றாமவருக்கு ஆன்லைன் டிகிரி, நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள். எது என்று தெரியாமல் ஆலோசனை சொன்னால், காசில்லாத பையனுக்கு மூன்று லட்ச ரூபாய் கோர்ஸைக் கைகாட்டிவிடுவோம். அதனால் முதல் போனில் பதில் சொல்லாதீங்க, கேளுங்க.

வழி 1: ஐடிஐ, பாலிடெக்னிக்

திருவனந்தபுரத்தை வெறும் ஐடி ஊர் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஒரு சிறிய ராக்கெட் கிளம்பியது. மீனவர் கிராமத்துத் தேவாலயம்தான் அன்றைக்குப் பட்டறை. அந்த இடம் பிறகு விக்ரம் சாராபாய் விண்வெளி மையமாக வளர்ந்தது. அங்கே ராக்கெட் செய்பவர்கள் எல்லோரும் பி.டெக், பிஎச்டி இல்லை. பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. அங்கே 'டெக்னீஷியன்-பி' என்ற பதவிக்கு அடிப்படைத் தகுதி, பத்தாம் வகுப்பும் அந்தந்தத் தொழிலில் ஐடிஐ சான்றிதழும். மத்திய அரசு வேலை, ஓய்வூதியத் திட்டம், குவார்ட்டர்ஸ் வாய்ப்பு, எல்லாம் அதில் அடக்கம்.

ஐடிஐ படிப்பு ஓராண்டு அல்லது ஈராண்டு. பெரும்பாலான தொழில்பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு போதும். அரசு ஐடிஐயில் கட்டணம் மிகக் குறைவு. திருவனந்தபுரம் நகரில் சாக்கை அரசு ஐடிஐ, கழக்கூட்டத்தில் பெண்களுக்கான ஐடிஐ, நாகர்கோவில் ரயில் பாதையிலேயே இருக்கும் தனுவச்சபுரத்தில் இன்னொன்று. பாலிடெக்னிக் என்றால் வட்டியூர்க்காவு சென்ட்ரல் பாலிடெக்னிக், கைமனத்தில் பெண்கள் பாலிடெக்னிக்.

ஒரு எச்சரிக்கை. கேரள அரசு நிறுவனங்களின் சேர்க்கையில் பூர்வீகம், இருப்பிடம் சார்ந்த நிபந்தனைகள் உண்டு. தம்பியின் ரேஷன் கார்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் சேர்க்கைக் குறிப்பேட்டில் அந்தப் பகுதியை முதலில் படிங்க. தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் சேர்வது அவருக்கு இன்னும் லாபமாக இருக்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய், ஐடிஐயில் சேர்ந்தாலும் உண்டு. பல வீடுகளுக்கு இது தெரியாது. டிகிரிக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஐடிஐ போனா அதோட முடிஞ்சுது" என்பதும் சரியில்லை. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.டெக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். 'லேட்டரல் என்ட்ரி' என்று உங்கள் செட்டில் சிலர் வந்திருப்பார்களே, அவர்கள் இந்த வழியில் வந்தவர்கள்தான். வேலை தெரிந்த கையோடு பொறியியல் படிப்பவருக்கு ஒரு தனித் தெளிவு இருக்கும்.

வழி 2: அப்ரென்டிஸ் பயிற்சி

1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் பலருக்கும் தெரியாத ஒரு சட்டம். அதன் விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனிக்கும் இது பொருந்தக்கூடும். எச்.ஆரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்க.

மாத உதவித்தொகை எவ்வளவு? 2019-ல் திருத்திய விதிகள் குறைந்தபட்சத் தொகையை 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வகுத்தன. பத்தாம் வகுப்பு படித்தவருக்கு 6,000, பன்னிரண்டு படித்தவருக்கும் ஐடிஐ சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இது குறைந்தபட்சம்தான், நிறுவனம் கூடுதலாகவும் தரலாம். 2025 மே மாதம் மத்தியப் பயிற்சியாளர் கவுன்சில் இதை 6,800 முதல் 12,300 ரூபாய் வரை உயர்த்தப் பரிந்துரைத்தது.

விண்ணப்பிக்க இரண்டு அரசு இணையதளங்கள். பட்டதாரி, டிப்ளமோ படித்தவர்களுக்கு 'நாட்ஸ்'. ஐடிஐ படித்தவர்களுக்கும் பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கும் 2016-ல் வந்த 'நாப்ஸ்'. விக்ரம் சாராபாய் மையம் போன்ற பெரிய நிறுவனங்களும் பயிற்சியாளர்களுக்கு அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகின்றன.

இதில் ஏமாற்றம் எங்கே வருகிறது? பயிற்சி முடிந்தால் வேலை கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஓராண்டு முடிந்ததும் "நன்றி, போயிட்டு வா" என்று அனுப்பலாம். ஆனால் கையில் ஓராண்டு அனுபவமும் சான்றிதழும் இருக்கும். திருவனந்தபுரத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் 7,000 ரூபாயில் வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. உங்கள் ரூமில் ஒரு பாய் போட இடம் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். அதையும் யோசித்துவிட்டுச் சொல்லுங்க.

வழி 3: வேலையோடு டிகிரி

டிகிரி வேண்டும், ஆனால் மூன்று நான்கு ஆண்டு சம்பாதிக்காமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு இது.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1985-ல் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் அதற்கு ஒரு மண்டல மையம் இருக்கிறது. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை. பி.ஏ., பி.காம் போன்ற படிப்புகளுக்கு ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். கேரளத்தில் 2020-ல் ஸ்ரீ நாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது.

"தபால் டிகிரியை யாரு மதிப்பா?" என்ற கேள்வி வரும். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் தொலைதூர, ஆன்லைன் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாகவே அறிவித்துவிட்டது. சிவில் சர்வீஸ் தேர்வும் எழுதலாம், வங்கித் தேர்வும் எழுதலாம். தனியார் நிறுவனங்களில் சிலர் இன்னும் முகம் சுளிக்கலாம். அது உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் பக்கத்தில் இருந்தால் அந்தச் சுளிப்பு குறைந்துவிடும்.

கணக்கு பிடிக்கும் பிள்ளை என்றால் சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பைப் பாருங்க. 2020-ல் தொடங்கியது. ஜேஇஇ கிடையாது. நான்கு வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும், அவ்வளவுதான். பாடம் ஆன்லைனில், தேர்வு மட்டும் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். முக்கியமான வசதி என்னவென்றால், நடுவில் நிறுத்தினாலும் கை காலியாக இருக்காது. அடிப்படைக் கட்டம் முடித்தால் சான்றிதழ், அடுத்து டிப்ளமோ, மூன்றாண்டுக்கு பி.எஸ்சி, முழுதாக முடித்தால் பி.எஸ். பட்டம். முழுதும் முடிக்க மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஆனால் குடும்ப வருமானமும் சமூகப் பிரிவும் பார்த்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. சேர்வது சுலபம், தேறுவது கஷ்டம். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் இல்லாதவருக்கு இது சரிப்படாது.

வழி 4: நிறுவனங்களே நடத்தும் பள்ளிகள்

ஸோஹோ நிறுவனம் 2005-ல் சென்னையில் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதம் உதவித்தொகையும் கொடுத்துத் தானே சொல்லிக்கொடுப்பது. 'ஸோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்' என்ற பெயரில் அது இன்று தென்காசி வரை வந்துவிட்டது. இரண்டாண்டு. முதலாண்டு வகுப்பு, இரண்டாமாண்டு நிறுவனத்திலேயே வேலைப் பயிற்சி. தொழில்நுட்பம், வடிவமைப்பு, வணிகம் என்று தனித்தனிப் பிரிவுகள். அதே நிறுவனம் 2025 ஜூலையில் கொல்லம் மாவட்டம் கொட்டாரக்கரையில் ஓர் ஆராய்ச்சி மையத்தையும் திறந்திருக்கிறது.

எச்.சி.எல். நிறுவனத்தின் 'டெக்பீ' திட்டம் இன்னொரு வகை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர்களுக்குப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை, வேலையோடு சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்தில் டிகிரி. இதில் பயிற்சிக் கட்டணம் உண்டு. கடனாக எடுத்தால் அதைச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும்.

இந்த இரண்டு வழிகளையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கக் கூடாது. நல்ல பக்கம், 20 வயதில் ஐடி நிறுவனத்தில் சம்பளம். மறுபக்கம், இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதைவிட முக்கியம், நிறுவனம் தரும் சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. அந்த நிறுவனத்துக்குள் இருக்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே வந்து வேறு இடத்தில் விண்ணப்பிக்கும்போது, ஆன்லைன் படிவத்தில் 'டிகிரி' என்ற கட்டம் காலியாக நிற்கும். அதனால் அங்கே சேர்ந்தாலும் பக்கவாட்டில் ஒரு இக்னோ டிகிரியைப் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

வழி 5: டிகிரியே கேட்காத இடங்கள்

திருவனந்தபுரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி வெள்ளநாடு. அங்கே 1956-ல், சாந்திநிகேதனில் படித்துத் திரும்பிய கே. விஸ்வநாதன் 'மித்ரநிகேதன்' என்ற கல்விச் சமூகத்தைத் தொடங்கினார். பழங்குடி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். புத்தகத்தோடு விவசாயமும் கைத்தொழிலும் பாடம். பின்னாளில் டென்மார்க் மரபைப் பார்த்து அங்கே ஒரு 'மக்கள் கல்லூரி'யும் வந்தது. டென்மார்க்கில் 1844-ல் தொடங்கிய அந்த மரபில் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. சேர்ந்து தங்கி, சேர்ந்து வேலை செய்து, வாழ்க்கைக்கு வேண்டியதைக் கற்பதுதான் படிப்பு.

வெள்ளாயணி ஏரிக்கரையில் இருக்கும் 'காந்தாரி' இன்னொன்று. பெயர் நம் ஊர் காந்தாரி மிளகாய்தான். சின்னதாக இருக்கும், கடித்தால் தெரியும். திபெத்திய மொழிக்கு பிரெய்ல் எழுத்து உருவாக்கிய, பார்வையற்ற ஜெர்மானியப் பெண் சப்ரியே டென்பர்கனும் பால் குரோனன்பெர்க்கும் 2009-ல் தொடங்கினார்கள். தங்கள் ஊரில் ஒரு சமூகப் பிரச்னையைத் தீர்க்க அமைப்பு தொடங்க நினைப்பவர்களுக்கான பயிற்சி. கல்விச் சான்றிதழ் கேட்பதில்லை. 22 வயதும், ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கும் திறனும், உங்கள் யோசனையும் வேண்டும். ப்ளஸ் டூ முடித்த கையோடு போகும் இடம் இல்லை. ஆனால் சில ஆண்டு வேலை பார்த்து, "இதுக்கு மேல என்ன?" என்று யோசிக்கும் உங்களுக்கே இது பொருந்தலாம்.

கட்டட வேலையில் ஆர்வமுள்ள பிள்ளைகள் லாரி பேக்கர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பானூரில் சுழன்று ஏறும் அந்தச் செங்கல் நிற இந்தியன் காபி ஹவுஸைக் கட்டியவர். அவர் செலவு குறைந்த கட்டட முறைகளைப் பெரும்பாலும் வேலைத்தளத்தில் கொத்தனார்களோடு நின்றே வளர்த்தெடுத்தார். 1985-ல் அவரும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பும், விளாப்பில்சாலையில் உள்ள லாரி பேக்கர் மையமும் அந்த மரபைத் தொடர்கின்றன.

டெக்னாலஜி பக்கம் போகிறவருக்கு, கேரள அரசின் 'அசாப்' நிறுவனத்தின் திறன் பூங்கா கழக்கூட்டத்திலேயே இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிகள், அரசு சான்றிதழ். உங்கள் ரூமிலிருந்து பஸ் ஏறும் தூரம்.

வழி 6: ஜெர்மனியில் சம்பளத்தோடு பயிற்சி

இப்போது கேரளத்து போஸ்டர்களில் அதிகம் தென்படும் வார்த்தை 'அவுஸ்பில்டுங்'. ஜெர்மனியின் தொழிற்பயிற்சி முறை. இரண்டு முதல் மூன்றரை ஆண்டு. வாரத்தில் சில நாள் பள்ளி, சில நாள் வேலை, மாதச் சம்பளம் உண்டு. நர்சிங்கில் அது ஆயிரம் யூரோவுக்கு மேல். கல்லூரிக் கட்டணம் கட்டி வெளிநாடு போவதற்கு இது நேர் எதிர். கேட்பது ஒன்றுதான்: ஜெர்மன் மொழி. பி1 நிலை, நர்சிங்குக்குப் பெரும்பாலும் பி2. அதற்குக் குறைந்தது ஓராண்டு உழைப்பு வேண்டும்.

திருவனந்தபுரத்தில் கோத்தே சென்ட்ரம் இருக்கிறது. கேரள அரசின் நோர்க்கா நடத்தும் மொழிப் பள்ளியும் இருக்கிறது. வேலைக்கு அனுப்பும் அரசு நிறுவனங்களாக நோர்க்கா, ஒடேபெக் இரண்டும் இங்கே. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் அயல்நாட்டு மனிதவளக் கழகம். தனியார் ஏஜென்ட் என்றால், மத்திய அரசின் 'ஈ-மைக்ரேட்' தளத்தில் அவருடைய உரிமம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

எந்தக் கதவுகள் மூடும்?

இதை மறைத்தால் தம்பிக்குத் துரோகம். டிகிரி இல்லாமல் யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் எழுத முடியாது. வங்கி அதிகாரி தேர்வு, எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 எல்லாம் டிகிரி கேட்கும். அமெரிக்காவின் எச்-1பி விசா, பட்டமோ அதற்கு ஈடான தகுதியோ கேட்கும். பெரிய ஐடி நிறுவனங்களின் முதல் வடிகட்டியே டிகிரிதான். அது நியாயமா என்பது வேறு கேள்வி, நடைமுறை அதுதான்.

டிகிரி இல்லாமலும் திறந்திருக்கும் அரசுக் கதவுகள் உண்டு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு. கேரள பி.எஸ்.சி.யின் எல்.டி. கிளார்க் பதவிக்கும் எஸ்.எஸ்.எல்.சி. எஸ்.எஸ்.சி.யின் சி.எச்.எஸ்.எல். தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் இவற்றுக்குப் பட்டதாரிகளும் லட்சக்கணக்கில் விண்ணப்பிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்க.

இன்னொன்று, படிவத்தில் எழுத முடியாத இழப்பு. காலேஜ் என்பது வகுப்பு மட்டும் இல்லை. ஊரை விட்டு வந்து, வேறு சாதி, வேறு மாவட்டம், வேறு வீட்டுப் பிள்ளைகளோடு மூன்று வருடம் பழகும் இடம். அப்பா அம்மா படிக்காத வீட்டில், பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அந்த மூன்று வருடம் ஒரு கேடயமும் கூட. தங்கை "காலேஜ் வேண்டாம்" என்றால், அது அவள் முடிவா, வீட்டார் முடிவா என்று தனியாகப் பேசிக் கேளுங்க. வீட்டார் முடிவு என்றால் இந்தக் கட்டுரையின் ஆறு வழிகளும் இரண்டாம் பட்சம். அவளைக் காலேஜில் சேர்ப்பதுதான் உங்கள் முதல் வேலை.

ஏமாறாமல் இருக்க நான்கு சோதனைகள்

ஒன்று, பட்டம் தருவதாகச் சொல்லும் இடம் யுஜிசி அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? யுஜிசி வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் கேரளத்து முகவரிகளும் இருந்திருக்கின்றன. தொலைதூரப் படிப்பு என்றால், அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு அந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் நிஜமாக இருக்கும், கோர்ஸுக்கு அனுமதி இருக்காது.

இரண்டு, "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்றால், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வருமா, எத்தனை நாளில், எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் கேளுங்க. எழுதித் தர மாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்க.

மூன்று, "இப்போ காசு வேண்டாம், வேலை கிடைச்சதும் கட்டலாம்" என்பார்கள். அதில் பல, ஒரு நிதி நிறுவனத்தில் தம்பி பெயரிலோ அப்பா பெயரிலோ எடுக்கப்படும் கடன். கோர்ஸ் பாதியில் நின்றாலும் இ.எம்.ஐ. நிற்காது. கையெழுத்துக்கு முன் அந்த ஒப்பந்தத்தை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க.

நான்கு, போன வருடம் முடித்த மூன்று பேரின் எண்ணைக் கேளுங்க. நிறுவனம் தேர்ந்தெடுத்துத் தரும் எண்கள் இல்லாமல், லிங்க்ட்இனில் நீங்களே தேடிப் பிடித்தவர்களிடம் பேசுங்க. அது உங்களுக்குப் பத்து நிமிட வேலை. ஊரில் இருக்கும் தம்பிக்கு அது தெரியாத வித்தை.

கடைசியாக, என்ன சொல்வது?

ஒரு நடைமுறை யோசனை. 'காலேஜா, இல்லையா' என்று வாழ்நாள் முடிவாக வைக்காமல், 'அடுத்த இரண்டு வருடம்' என்று சுருக்கிப் பேசுங்க. அந்த இரண்டு வருடத்தில் மூன்று விஷயம் நடக்க வேண்டும். கையில் ஒரு தொழில் அல்லது திறன். சிறியதாக இருந்தாலும் ஒரு வருமானம். டிகிரிக்குப் போகும் ஒரு கதவு, மூடாமல் சாத்தி மட்டும் வைத்தபடி. ஐடிஐயும் பிறகு லேட்டரல் என்ட்ரியும் என்றாலும் சரி, அப்ரென்டிஸும் இக்னோவும் என்றாலும் சரி, ஸோஹோ பள்ளியும் பக்கவாட்டில் ஒரு டிகிரியும் என்றாலும் சரி. மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்க. மூன்றில் ஒன்றும் இல்லாமல் "சும்மா ஒரு வருஷம் பார்க்கலாம்" என்றால், அப்போது கண்டிப்பாக இருங்க.

தேதிகள் காத்திருக்காது. ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்க்கை, ஜூலை பருவத்து இக்னோ சேர்க்கை எல்லாம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த சில மாதங்களுக்குள்ளேயே நடந்து முடியும். வீட்டில் சண்டை ஓயட்டும் என்று காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடும். இந்த வார இறுதியில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே ஒரு டீ குடிக்கப் போங்க. அம்மா இல்லாத இடத்தில் அவன் சொல்லும் காரணம் வேறாக இருக்கும். அங்கிருந்து தொடங்குங்க.